ஆஸ்கர் மிஷோ படம் ரெண்டு போடணும்: எதைப் போடலாம், எப்படிப் போடலாம்?

கோபிக்காரன்:

வணக்கமுங்க. கோபியில எங்க திரைப்படச் சங்கத்துல அடுத்த மாசம் ரெண்டு ஞாயிறு சாயங்காலம் அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ படம் போடறதா முடிவாயிருக்கு. நாளுக்கு ஒண்ணு. உறுப்பினர்களுக்கு மட்டும், டிக்கெட் கிடையாது. 60 பேர் உட்காரலாம். லேப்டாப், புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர் கைவசம் இருக்கு. வர்றவங்கள்ல பாதி காலேஜ் பசங்க, மீதி வாத்தியாருங்களும் தறி ஓட்டறவங்களும். ஊமைப்படம் ஒண்ணை முழுசா உட்கார்ந்து பார்த்தவங்க ரெண்டு மூணு பேர் தேறினா அதிகம்.

எந்தப் படத்தை முதல்ல போடறது? தமிழ் சப்டைட்டில் நாங்களே போட்டா எங்க சிக்கும்? பாட்டு, இசைக்கு என்ன பண்றது? படத்துக்கு முன்னாடி பத்து நிமிசம் பேசணும்னா எதைச் சொல்லணும், எதை விடணும்? ‘முதல் கறுப்பின இயக்குநர்’னு நோட்டீஸ்ல அச்சடிக்கலாமுங்களா?

படப்பெட்டி:

நோட்டீஸ்ல அப்படி அச்சடிக்காதீங்க. சிகாகோவுல வில்லியம் ஃபாஸ்டர் 1910-களின் தொடக்கத்துலயே சின்னச் சின்ன நகைச்சுவைப் படங்கள் எடுத்துட்டார். ‘முழுநீளப் படம் எடுத்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர்’னு போடுங்க, அதை யாரும் மறுக்க முடியாது. பேரை மிஷோன்னே எழுதுங்க. இணையத்துல ‘மிச்சாக்ஸ்’னு கிடக்கறது எழுத்தை மட்டும் பார்த்து மாத்தினது.

முதல் ஞாயிறு 1920-ல வந்த ‘வித்தின் அவர் கேட்ஸ்’, ரெண்டாவது ஞாயிறு 1925-ல வந்த ‘பாடி அண்ட் சோல்’. வேற யோசனையே வேண்டாம். அவர் எடுத்தது 40 படத்துக்கு மேல. ஊமைப்படங்கள்ல இன்னிக்கு மிஞ்சினது மூணே மூணு. மூணாவது, 1920-லயே வந்த ‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’. பெல்ஜியத்துல கிடைச்ச அந்தப் பிரதியில உச்சக்கட்டமே இல்லை. கறுப்பினத்தவரைத் தாக்கின வெள்ளையர் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானைக் கதாநாயகன் விரட்டியடிக்கிற இடத்துல ஓர் எழுத்து அட்டை (ஊமைப்படத்துல நடுவுல வர்ற வசன வரி) மட்டும் வரும். புதுசா பார்க்கறவங்க ‘என்னங்க, கரண்டு போச்சா?’ன்னு கேட்பாங்க.

பத்து நிமிசப் பேச்சுல பிறப்பு வளர்ப்பை ரெண்டு நிமிசத்துல முடிச்சிருங்க. 1884-ல இல்லினாய்ஸ் மாநிலத்து மெட்ரோபோலிஸ்ல பிறந்தார். அப்பா அடிமையாப் பிறந்தவர். புல்மேன் கம்பெனியோட தூங்கும் வசதி ரயில் பெட்டிகள்ல போர்ட்டர் வேலை. அதுல சேர்த்த காசுல தெற்கு டகோட்டாவுல நிலம் வாங்கி விவசாயம். மழை பொய்ச்சு, கல்யாணமும் முறிஞ்சு, நிலம் கையை விட்டுப் போச்சு. மாமனார் ஒரு போதகர். மிஷோ படங்கள்ல போதகர் பல நேரம் வில்லனா வர்றதுக்கு வேர் அங்கதான் இருக்கு. அந்த வாழ்க்கையையே நாவலா எழுதி, தானே அச்சுப் போட்டு வீடு வீடா வித்தார்.

மீதி எட்டு நிமிசத்தையும் வியாபாரத்துக்கு ஒதுக்குங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு அது சட்டுனு பிடிபடும். 1917-ல வந்த ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டது. நானே இயக்குவேன்னு இவர் நின்னார், பேச்சு முறிஞ்சது. உடனே சொந்தக் கம்பெனி. அயோவாவுல சூ சிட்டி வட்டாரத்து விவசாயிங்ககிட்ட, முன்னே புத்தகம் வாங்கின அதே ஆளுங்ககிட்ட, பங்கு ஒண்ணு 75 முதல் 100 டாலர்னு வித்துப் பணம் திரட்டினார். 1919 பிப்ரவரியில சிகாகோவுல எட்டு ரீல் படமா வெளியாச்சு. அந்தப் படமும் இன்னிக்கு இல்லை.

அதுக்கப்புறம் அவர் பழகின முறை நம்ம விநியோக வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: தியேட்டர்காரர்கிட்ட அட்வான்ஸ் வாங்கி அந்தக் காசுல படம் எடுக்கறது. குளிர்காலத்துல காரை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போவார். கையில அடுத்த படத்து நடிகர்களோட ஸ்டில், கதைச் சுருக்கம். அதைக் காட்டி முன்பதிவு, முன்பணம் வாங்குவார். வெயில் வந்ததும் படப்பிடிப்பு. முடிஞ்சதும் பெட்டியை அவரே தூக்கிக்கிட்டு அதே தியேட்டர்களுக்குத் திரும்பிப் போவார். பிரதி சிலதுதான் போடுவார். ஒரு ஊர்ல ஓடி முடிஞ்ச பெட்டி அடுத்த ஊருக்கு. கறுப்பின மக்களுக்குன்னு தியேட்டர் இல்லாத ஊர்கள்ல, வெள்ளையர் தியேட்டர்ல நடுராத்திரிக்கு மேல அவங்களுக்குன்னு தனிக் காட்சி நடக்கும். ‘மிட்நைட் ராம்பிள்’னு அதுக்குப் பேர்.

படங்கள் ஏன் மிஞ்சலைங்கறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. நாலஞ்சு பிரதி நூறு ஊர் சுத்தினா என்ன ஆகும்? புரொஜெக்டர் பல்சக்கரத்துல மாட்டி ஃபிலிம் ஓரத்துத் துளை கிழியும். கிழிஞ்ச இடத்தை ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார், ஒவ்வொரு ஒட்டுக்கும் சில பிரேம் போகும். இதுக்கு மேல சென்சார். 1915-லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமாவுக்குப் பேச்சுரிமை இல்லைன்னு சொல்லிட்டதால நியூயார்க், வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, ஒஹாயோ, கன்சாஸ்னு மாநிலத்துக்கு ஒரு கத்தரி. ஒரு மாநிலத்துல வெட்டினதை இன்னொரு மாநிலத்துல ஒட்டி ஓட்டுவார். ‘பாடி அண்ட் சோல்’ படத்தை நியூயார்க் வாரியம் திருப்பி அனுப்புச்சு. ஒன்பது ரீலை அஞ்சாக் குறைச்சு, போதகர் செஞ்ச பாவமெல்லாம் கனவுன்னு முடிவை மாத்தி மறுபடி கொண்டு போனார். அதனால, ‘இயக்குநர் நினைச்ச படம்’னு ஒண்ணைத் தேடாதீங்க. நாம பார்க்கறது ஏதோ ஒரு ஊருக்குப் போன ஒரு பெட்டி. இதை முன்கூட்டியே சொல்லிட்டா, கதை திடீர்னு தாவற இடத்துல கூட்டம் நெளியாது.

இதுக்கு நம்ம பக்கமே ஓர் உதாரணம் இருக்குங்க. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்டும் ரயில்வே வேலையில இருந்தவர். 1905-ல திருச்சியில டுபான்ட்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கிக் கொட்டாய் போட்டு ஊர் ஊரா காட்டினார். 1914-ல கோவையில வெரைட்டி ஹால் கட்டினார். மிஷோவைவிட ஒரு வயசு மூத்தவர். ரெண்டு பேர் படத்தையும் ஒரே ஸ்லைடுல போடுங்க, கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பவானி கூடுதுறை:

படப்பெட்டி அண்ணா சொன்ன வியாபாரமெல்லாம் சரிங்க. ஆனா அதைச் சொல்லியே படத்துல இருக்கற ஓட்டையை மறைக்கறோமோன்னு சந்தேகம். 1930-களில் எடுத்த பேசும்படங்களைப் பாருங்க. நடிகர் வசனத்தைத் தப்பாச் சொல்லித் திரும்பச் சொல்றது அப்படியே இருக்கு. ஒரே டேக். இரவல் வாங்கின வீட்டுலதான் படப்பிடிப்பு. கதையை நிறுத்திட்டுக் கிளப் நடனம் வந்துட்டுப் போகும். ‘முன்னோடி’ங்கறதுக்காக எல்லாத்தையும் பாராட்டணுமா? கோபிக்காரன் தம்பி, கூட்டத்துல எவனாவது இதைக் கேட்டா என்ன பதில் வச்சிருக்கீங்க?

படப்பெட்டி:

மறைக்க வேண்டாமுங்க, சொல்லியே போடலாம். 1928-ல அவர் திவால். 1931-ல வந்த ‘தி எக்ஸைல்’, கறுப்பின இயக்குநர் ஒருவரோட முதல் முழுநீளப் பேசும்படம். அதுக்குப் பணம் போட்டது ஹார்லெம் தியேட்டர் முதலாளி ஃபிராங்க் ஷிஃப்மன் பக்கம். ஒலிப்பதிவுக் கருவி வாடகை நாள் கணக்குல ஏறும்போது ரெண்டாவது டேக்குங்கறது காசு. கிளப் நடனம் வர்றதும் தியேட்டர்காரர் கேட்டதாலதான். இதெல்லாம் காரணம், சமாதானம் இல்லை. அந்தக் காலத்துப் பேசும்படங்கள்ல பலது எனக்கும் சலிப்புதான். அதனாலதான் ரெண்டு ஊமைப்படத்தைச் சொன்னேன்.

ஆனா ‘படம் எடுக்கத் தெரியாதவர்’னு எவராச்சும் சொன்னா ‘வித்தின் அவர் கேட்ஸ்’ல ஓல்டு நெட் காட்சியைக் காட்டுங்க. நெட் ஒரு கறுப்பினப் போதகர். ரெண்டு வெள்ளைக்காரங்க அறைக்குப் போய், எங்க ஆளுங்களுக்கு ஓட்டுரிமை எதுக்கு, படிப்பு எதுக்கு, மோட்சம் போதும்னு அவங்க காதுக்கு இனிக்கப் பேசுவார். அவங்க சிரிச்சுக்கிட்டே பின்னால ஓர் உதை விடுவாங்க. இவரும் பல்லைக் காட்டிக்கிட்டே குனிஞ்சு குனிஞ்சு வெளியே வருவார். கதவைச் சாத்துவார். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு வடியும் பாருங்க, முகம் அப்படியே தொங்கிப்போகும். அதுக்கு ஒத்தை கேமரா, ஒரு கதவு, ஒரு நடிகர் போதும்னு தெரிஞ்சவர்தான் மிஷோ.

கடைசிப் பகுதியும் அப்படித்தான். ஒரு பக்கம் வாரத்துக்கு உழுத குடும்பத்தைக் கூட்டம் தூக்குல போடுது. இன்னொரு பக்கம் அந்த வீட்டுப் பொண்ணு சில்வியாவை வெள்ளைக்கார நிலச்சுவான்தாரோட சகோதரன் துரத்தறான். ரெண்டையும் மாத்தி மாத்தி வெட்டறார். 1915-ல கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்துல கறுப்பினத்தான் வெள்ளைப் பொண்ணைத் துரத்துவான், க்ளான் வந்து காப்பாத்தும். அதே வெட்டு முறையை எடுத்து, உண்மையில யார் யாரைத் துரத்தினாங்கன்னு திருப்பி வச்சிருக்கார். 1919 ஜூலையில சிகாகோவுல இனக்கலவரம். அடுத்த ஜனவரியில அதே ஊர்ல இந்தப் படம். சென்சார் வாரியம் பயந்ததுல ஆச்சரியமே இல்லை.

மேட்டுப்பாளையம் ஆபரேட்டர்:

படத்தைப் பத்தி மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. காட்டறது பத்தி நான் சொல்றேன்.

முதல்ல கோப்பு எந்த வேகத்துல இருக்குன்னு பாருங்க. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அடிக்கு 16 பிரேம். 1000 அடி ரீல் நொடிக்கு 16 பிரேம்னா 16 நிமிசம் 40 நொடி ஓடும், 24-ல ஓட்டினா 11 நிமிசம் சொச்சத்துல முடிஞ்சிரும். ஊமைப்படத்தைக் கண்ணை மூடிக்கிட்டு 24-ல ஏத்தின கோப்புகள் இணையத்துல நிறைய உண்டு. ஆளுங்க கோழி நடை நடப்பாங்க, கூட்டம் சிரிக்கும். தூக்குல போடற காட்சியில கூட்டம் சிரிச்சா உங்க நிகழ்ச்சி போச்சு. ‘வித்தின் அவர் கேட்ஸ்’ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1993-ல சீரமைச்ச பிரதி சுமார் 79 நிமிசம். உங்க கோப்பு ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சா அதைத் தொடாதீங்க. கொஞ்சம் வேகமா தெரிஞ்சா விஎல்சி பிளேயர்ல வேகத்தை 0.9-க்கு இறக்கிப் பாருங்க. இசையை நீங்க தனியா போடறதா இருந்தா வேகம் குறைச்சதால வர்ற குரல் மாற்றத் தொந்தரவும் இல்லை.

அடுத்து, படத்தோட அளவு. ஊமைப்படத்தோட அகலம், உயரம் 4-க்கு 3. புரொஜெக்டர் தானா அகலத் திரைக்கு இழுத்து விடும், முகமெல்லாம் பூசணிக்காய் ஆயிரும். விஎல்சி, புரொஜெக்டர் ரெண்டுலயும் 4:3 வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிக்கும், நிக்கட்டும். அதை மறைக்கறேன்னு ஜூம் பண்ணினா தலையும் போகும், எழுத்து அட்டையில மேல் வரியும் கீழ் வரியும் போகும். புரொஜெக்டர்ல ‘விவிட்’, ‘டைனமிக்’ எதுவும் வேண்டாம், ‘சினிமா’ போதும். பழைய பிரதியில வெள்ளை ஏற்கெனவே வெளிறித்தான் இருக்கும். சாயங்காலக் காட்சின்னு சொன்னீங்க. மேற்கு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்க, இல்லைன்னா ஆறரை வரைக்கும் இருட்டுக் காட்சி எதுவும் தெரியாது.

சப்டைட்டில்: அட்டை கறுப்பு, எழுத்து வெள்ளை. தமிழை மஞ்சள்ல அடியில வைங்க. வரி ரெண்டுக்கு மேல வேண்டாம், வரிக்கு 38, 40 எழுத்து. அட்டை நிக்கற நேரத்துக்குள்ள சத்தமாப் படிச்சு முடிக்க முடியுதான்னு ஒருத்தரை விட்டுப் பாருங்க, முடியலைன்னா வாக்கியத்தைக் குறைங்க. அடுத்த ஷாட் மேல ஒரு நொடி வரைக்கும் தொங்கலாம், அதுக்கு மேல போனா நடிகர் முகத்தைத் தின்னும். சப்டைட்டில் போட்டு முடிச்சப்புறம் 24-ல இருந்த கோப்பை 25-க்கு மாத்தினா ஒரு மணிநேரப் படம் 57 நிமிசம் 36 நொடியில முடியும். தொடக்கத்துல சரியா இருக்கற வரி கடைசியில ரெண்டரை நிமிசம் பிந்தி வரும். கோப்பை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் நேரம் குறிங்க.

தமிழ் எழுத்து உடையறது பெரிய தலைவலி. பென்டிரைவை நேரா புரொஜெக்டர்ல சொருகினா ‘கொ’ மூணு துண்டாப் பிரிஞ்சு நிக்கும், இல்லைன்னா வெறும் கட்டம். லேப்டாப்லயே ஓட்டுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, கோப்பை யூடிஎஃப்-8-ல சேமிங்க. அதுக்கும் மேல நிம்மதி வேணும்னா ஹேண்ட்பிரேக் மென்பொருள்ல சப்டைட்டிலைப் படத்தோட எரிச்சுச் சேர்த்துருங்க. எரிச்சப்புறம் பிழை திருத்த முடியாது, அதனால முழுசா ஒருக்கா ஓட்டிப் பார்த்துட்டு எரிங்க.

உரிமை: நம்ம சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான வருசத்துக்கு அடுத்து 60 வருசம். படம் ரெண்டும் எப்பவோ தாண்டிருச்சு. ஆனா 2016-ல கினோ லோர்பர் கம்பெனி வெளியிட்ட தொகுப்புல இருக்கற இசை புதுசு, அதுக்கு உரிமைக்காரங்க இருக்காங்க. ஒலியை அணைச்சுட்டு உங்க இசையைப் போடறது சிக்கல் இல்லாதது.

கோபிக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வெள்ளைத் துணி இருக்கு, கறுப்புத் துணிக்குத் தையல்காரர்கிட்டச் சொல்லியாச்சு. ரெண்டு சந்தேகம் மட்டும். இசைக்கு எங்க ஊர்த் துடும்புக் குழு நேர்ல வாசிக்கத் தயார்ங்கறாங்க, விடலாமா? அப்புறம், அந்தத் தூக்குக் காட்சியை வெட்டிட்டுப் போடச் சொல்லி உறுப்பினர் ரெண்டு பேர் கேக்கறாங்க.

ஊத்துக்குளி தமிழாசிரியை:

வெட்டாதீங்க. நூறு வருசம் முன்னாடி வாரியக்காரங்க வெட்டச் சொன்னதும் அதே இடத்தைத்தான். கொலையும் பலாத்கார முயற்சியும் வருதுன்னு நோட்டீஸ்லயே போட்டுருங்க, காட்சிக்கு முன்னாடி வாயாலயும் சொல்லிருங்க, சின்னக் குழந்தைகளைக் கூட்டிட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. அது போதும்.

துடும்பு மூடின அறைக்குள்ள, 60 பேருக்கு நடுவுல வேண்டாம். காது அடைச்சுப் போகும், படமும் திருவிழா ஆயிரும். ஒரு ஆர்மோனியம், கூட ஒரு உருமி போதும். தூக்குக் காட்சி தொடங்கினதும் ரெண்டையும் நிறுத்திருங்க.

நோட்டீஸ்ல ஒரு கட்டம் போட்டு உறவுமுறை எழுதுங்க. சில்வியா ஆசிரியை, தென்பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு 5000 டாலர் திரட்ட வடக்கே போறா. ஆல்மா அவளோட உறவுக்காரி. லாரி, ஆல்மாவோட மாற்றாந்தாய் வழிச் சகோதரன். டாக்டர் விவியன் பின்னாடி வர்றவர். சில்வியாவோட பழைய கதையை ஆல்மாதான் கடைசியில சொல்றா. இது முன்கதைன்னு தெரியலைன்னா, ‘இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்துச்சு?’ன்னு கூட்டம் குழம்பும்.

நிறம் பத்தின கேள்வி நிச்சயம் வரும். மிஷோ படங்கள்ல வெளுத்த தோல்காரங்க நாயகன் நாயகி, கறுத்தவங்க பல நேரம் வில்லன், இல்லைன்னா சிரிப்புக்கு. 1938-ல ‘காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்’ படத்துக்கு எதிரா நியூயார்க்ல மறியலே நடந்து படத்தை எடுத்தாங்க. இதை ஒளிக்க வேண்டாம். கல்யாண விளம்பரத்துல ‘சிவந்த நிறம்’ கேக்கற ஊர்ல இதை விளக்கத் தனிப் பேச்சாளர் தேவைப்படாது. அதே மிஷோ, ‘பாடி அண்ட் சோல்’ல நடிகர் பால் ராப்சனோட கறுத்த முகத்துக்கு ரெண்டு வேடம் கொடுத்து முதன்முதலா திரைக்குக் கொண்டு வந்தார்ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

இனி மொழிபெயர்ப்பு. ‘வித்தின் அவர் கேட்ஸ்’ பிரதி கிடைச்சது ஸ்பெயின்ல, ‘லா நெக்ரா’ங்கற பேர்ல. எழுத்து அட்டையெல்லாம் ஸ்பானிஷ், ஆங்கிலத்துல மிஞ்சினது நாலே நாலு. மத்ததை மிஷோ நாவல்களோட நடையைப் பார்த்து ஆங்கிலத்துக்குத் திருப்பினாங்க. அதனால உங்க தமிழ் மூணாவது கை. ஆங்கிலத்துல ஒவ்வொரு சொல்லையும் கெட்டியாப் பிடிச்சுக்க வேண்டியதில்லை, கருத்தைப் பிடிங்க. கிராமத்து ஆளுங்க பேச்சைக் கொச்சையா எழுதியிருப்பாங்க. அதை நம்ம ஊர்ல எந்தச் சாதிப் பேச்சு மாதிரியும் மாத்தாதீங்க, சிரிப்பு தப்பான இடத்துல வரும். சாதாரணப் பேச்சுத் தமிழே போதும்.

ஓல்டு நெட் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் வர்ற அட்டை இருக்கே, அதுக்கு மட்டும் பைபிளைத் திறந்து வச்சுக்கிட்டு எழுதுங்க. ஏசா பசிக்குத் தன் மூத்த மகன் உரிமையை வித்த கதை அது. ஆதியாகமம் 25-ல தமிழ்ச் சொல் ‘சேஷ்டபுத்திர பாகம்’, ‘பயற்றங்கூழ்’. முதல் சொல் நீளம், தறிக்காரங்களுக்குப் புரியாது, வரியிலயும் அடங்காது. ‘மறுபடியும் என் பிறப்புரிமையைப் பயற்றங்கூழுக்கு வித்துட்டேன்’னு எழுதினா ஒரு வரியில நிக்கும், சர்ச்சுக்குப் போறவங்களுக்குக் கதையும் ஞாபகம் வரும். ‘பிச்சைக் காசுக்கு’ன்னு மட்டும் மாத்திராதீங்க, அவன் போதகன்.